லீவில் இருந்தவளின் கை

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. மனுவாகத்தான் ஆரம்பித்தது. சங்கத்து ஆபீசில் உட்கார்ந்திருக்கும் வக்கீலம்மா, "நடந்ததை நடந்தபடி எழுதிட்டு வாங்க பெரியவரே. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். "ஐயா, கீழே கையெழுத்துப் போட்டிருக்கும்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கீழே யாரும் இன்னும் கையெழுத்தே போடவில்லை. அதற்குள் போட்டிருக்கும் என்று எழுதுவதா? முதல் வரியிலேயே பொய்.

மனு என்றால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. கதைக்கு யாரும் பொறுப்பில்லை. கதையில் வருகிறவளை வேலையை விட்டுத் தூக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். தைரியம் வந்தால் மனுவாக மாற்றிக்கொள்ளலாம்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அப்புறம் முதுகு வளைகிற வரைக்கும் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கினேன். என் மருமகள் என்னைவிட நன்றாக எழுதுவாள். ஆனால் அவளுடைய இடது கை வெந்து கிடக்கிறது. என் மகன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். மிச்சம் இருப்பது நான்தான்.

(இடது கைதானே வெந்தது, வலது கையால் அவளே எழுதலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட நான் ஏமாளி இல்லை.)

2

முதல் தொடக்கம்:

"ஒரு பிஸ்கட் கம்பெனியில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். அங்கே பெரிய பெரிய அடுப்புகள்"

இதை விட்டுவிட்டேன். உண்மையான இடத்தை மறைக்கத்தான் பிஸ்கட் கம்பெனி என்று போட்டேன். ஆனால் நான் பிஸ்கட்டைத் தின்றிருக்கிறேனே தவிர அது வேகிற இடத்தைப் பார்த்ததில்லை. உங்களில் ஒருத்தர் பிஸ்கட் கம்பெனிக்காரராக இருந்தால் இரண்டாவது வரியில் என் சட்டையைப் பிடித்துவிடுவார்.

இரண்டாவது தொடக்கம்:

"விடுப்பு என்பது தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த உரிமை."

இது வக்கீலம்மா பேச்சு. லீவை அவள் விடுப்பு என்பாள். அப்படிச் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் போலிருக்கிறது. எனக்கு அந்த வார்த்தையும் பழக்கமில்லை, அந்தச் சமாச்சாரமும் பழக்கமில்லை. மூட்டை தூக்கினால் கூலி, தூக்காவிட்டால் இல்லை. எங்களுக்கு லீவு கொடுத்தது மழை மட்டும்தான். அதுவும் சம்பளம் இல்லாமல். வேலை செய்யாத நாளுக்கு ஒருத்தன் சம்பளம் கொடுக்கிறான் என்றால், அதை வேறு எந்த வழியில் பிடுங்கப் போகிறான் என்றுதான் என் புத்தி போகும்.

மருமகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னாள்: "எனக்கு வருஷ லீவு உண்டு, நோய் லீவு உண்டு. வேலையில அடிபட்டா அதுக்குத் தனி லீவு மாமா. சம்பளத்தோட."

"யாரு சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

"சட்டம் வந்து உன் பக்கத்துல நின்னு துணி மடிக்குமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்:

"அன்றைக்கு என் மருமகள் லீவில் இருந்தாள். அன்றைக்குத்தான் வேலையில் அவள் கை வெந்தது."

இது நிற்கும். இதற்கு மேல் கட்டலாம்.

3

பிஸ்கட் இல்லை. லாண்டரி. ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் வண்டி வண்டியாக இறக்கி வெளுக்கிற பெரிய கொட்டகை. ஒரு பக்கம் அழுக்கு உள்ளே போகும், மறுபக்கம் வெள்ளை வெளியே வரும். நடுவில் ரோலர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை, உள்ளே நீராவி. ஈரமான விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கசங்காமல் கொடுக்க வேண்டும். கை முன்னால் போகக் கூடாது.

வாசலில் விரல் வைத்தால் ஆள் வந்ததைப் பதிகிற மெஷின் ஒன்று வைத்தார்கள். அது தோற்றுப்போனது. சலவைச் சோடாவிலும் சூட்டிலும் கிடந்து கிடந்து இந்தப் பெண்களுக்கு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் ஒருத்தியையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்துவிட்டார்கள். அட்டையைக் காட்டினால் ஆள் வந்ததாகக் கணக்கு.

ஆஸ்பத்திரித் துணி என்பதால் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். கண் மட்டும் வெளியே தெரியும். சூப்பர்வைசர் தொப்பிகளை எண்ணுவான். கண்ணைப் பார்க்க மாட்டான்.

அட்டை, தொப்பி, மாஸ்க் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பெண்ணுக்கும் ஒரு யோசனை வரும். இவர்களுக்கும் வந்தது. லீவு தீர்ந்துபோனவளுக்கு லீவு மிச்சம் இருக்கிறவள் உதவுவாள். எப்படி என்றால், மிச்சம் இருக்கிறவள் தன் பேரில் லீவு போடுவாள். போட்டுவிட்டு, தீர்ந்துபோனவளின் அட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வருவாள். தீர்ந்துபோனவள் வீட்டில் இருப்பாள், கணக்கில் வேலையில் இருப்பாள். இவள் வேலையில் இருப்பாள், கணக்கில் வீட்டில் இருப்பாள். ஒருத்தர் லீவை இன்னொருத்தருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம். இவர்கள் கொடுத்தார்கள். திருப்பியும் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து ஒருத்தியும் ஏமாற்றியதில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மருமகளோடு ரோலரில் ஜோடியாக நிற்கிறவளுக்கு எல்லாரும் வைத்த பேர் குச்சி. அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. அவளுடைய மகளுக்குக் காதில் சீழ். ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து அவளுடைய லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. சொல்லாமல் இன்னொரு நாள் நின்றால் வேலை இல்லை என்று எச்சரிக்கை வேறு. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் பிள்ளையை வரச் சொல்லி நாள் கொடுத்தார். அதே நாளில் என் மருமகளுக்கு லீவு இருந்தது. என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காகக் கேட்டு வாங்கிய லீவு.

"என் கண்ணு எங்கேயும் ஓடிடாது. நீ போ" என்றேன்.

குச்சியின் அட்டையோடு போனாள்.

4

விரிப்பு ஒரு முனையில் மடங்கியது. இழுத்து விடப் பார்த்திருக்கிறாள். துணியோடு கையும் போனது.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு சிவப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை நிற்க வேண்டும். அது தொட்டதுக்கெல்லாம் நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று அதைக் கிழிந்த விரிப்பின் கரையால் தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். கட்டச் சொன்னது சூப்பர்வைசர். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

க்ளினிக்கில் நர்ஸ் பேர் கேட்டாள். என் மருமகள் குச்சியின் பேரைச் சொன்னாள். அந்த வலியிலும் அவளுக்கு அது மறக்கவில்லை. எனக்கு இதை எழுதும்போது பெருமையாகவும் இருக்கிறது, நாலு அறை விடலாம் போலவும் இருக்கிறது.

(இந்தப் பகுதியை இன்னும் நீட்டி எழுதலாம். எழுதத் தெரிந்தவர்கள் நீட்டுவார்கள். நான் தினமும் அவள் கையில் போட்ட கட்டைப் பார்க்கிறேன். எனக்கு இது போதும்.)

5

ஆக, காயப்பட்டவள் குச்சி என்று கம்பெனி எழுதிவிட்டது. விபத்து லீவு அவளுக்கு. சம்பளத்தோடு. அவளுடைய இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றன.

என் மருமகள் ஒரு நாள் லீவு முடிந்து மறுநாள் வேலைக்கு வர வேண்டியவள். அவளால் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை.

குச்சிதான் வழி சொன்னாள். "நான் கணக்குல வீட்ல இருக்கேன். அக்கா கணக்குல வேலைல இருக்கணும். அக்கா அட்டையைக் குடுங்க, நான் போறேன்." மறுநாளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். தெருவில் இறங்கும்போது கையில் பொய்க்கட்டு. லாண்டரிக்குப் பக்கத்துப் பொதுக் கழிப்பறையில் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு என் மருமகளாக நிற்கிறாள்.

"உயரம் காட்டிக் குடுக்காதா?" என்றேன்.

"குனிஞ்சே நிக்கிறேன் மாமா. முதுகுக்குத் தனியா ஒரு லீவு கேக்கணும்."

சூப்பர்வைசருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். கம்பியைக் கட்டச் சொன்னவன் எந்தக் கண்ணையும் உற்றுப் பார்க்க மாட்டான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து குச்சிக்குத் தகவல் வந்தது: லீவை நீட்டிப்பதற்கு முன்னால் கம்பெனி டாக்டர் திங்கட்கிழமை கையைப் பார்ப்பார். வரவில்லை என்றால் விபத்தே பொய் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காகத்தான் நான் வக்கீலம்மாவிடம் போனேன். எடுத்ததும் உண்மையைச் சொல்லிவிடவில்லை.

"என் சிநேகிதர் ஒருத்தர் வீட்ல இப்படி ஒரு சங்கடம்" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு, "உங்க சிநேகிதரோட மருமக கை இப்போ எப்படி இருக்கு?" என்றாள்.

"கட்டு மாத்தும்போது பல்லைக் கடிச்சுக்குது" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. சிநேகிதர் கதை அதோடு முடிந்தது.

அவள் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "வேலை செய்யும்போது வெந்த கை, யார் அட்டைல வந்திருந்தாலும் வெந்த கைதான். விபத்து விடுப்பு உங்க மருமகளுக்குச் சேர வேண்டியது. வாதாடலாம். ஆனா அட்டை மாத்தினது பெரிய குத்தம். ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. அதுக்கும் வாதாடலாம், கம்பியைக் கட்டினதைச் சொல்லி. இழுக்கும்."

"அப்போ லீவு கிடைக்கும், வேலை இருக்காது."

"அப்படியும் ஆகலாம்."

"வேலை இல்லாதவளுக்கு லீவு எதுக்கும்மா?"

அதற்குப் பதில்தான் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் மனு உள்ளே போனால் நாங்களாக ஒத்துக்கொண்டதாக இருக்கும், அப்புறம் போனால் பிடிபட்டதாக இருக்கும் என்றாள்.

6

இப்போது குச்சி.

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. கதை எழுதுகிறவன் தன் ஆளையே நம்பாமல் எழுதலாமா, தெரியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். விபத்து லீவு அவள் பேரில் ஓடுகிறது. வேலையிலும் அவள்தான் நிற்கிறாள். நாளைக்கு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்கதான் என் அட்டையைத் திருடிட்டுப் போனாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மருமகள் கதி என்ன? மூட்டை தூக்கின காலத்தில் இப்படிப் பல பேரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவார்கள்.

சனிக்கிழமை வேலை விட்டதும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தக் காட்சியை எழுதிப் பார்க்கிறேன். அவள் எப்படிப்பட்டவள் என்று எழுதினால் தெரியும் அல்லவா?

முதல் தடவை எழுதியது:

"குச்சி வந்தாள். தண்ணீர் குடித்தாள். மேஜை மேல் தாள்களைப் பார்த்து, கதையா மாமா என்றாள். சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். போய்விட்டாள்."

இதில் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை:

"குச்சி வந்தாள். இன்றைக்கு நானே கட்டு மாற்றுகிறேன் அக்கா என்றாள். துணியை மெதுவாகப் பிரித்தாள். புண்ணைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நல்ல வேளை நமக்கு வரவில்லை என்று பார்க்கிறவள் போலப் பார்த்தாள்."

கடைசி வரி என் சொந்தச் சரக்கு. அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வக்கீலம்மா கூட்ட வேண்டாம் என்றாள். அதை எடுத்துவிட்டு, அவள் செய்ததையும் சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன். மூன்றாவது தடவை:

"குச்சி துணியைப் பிரித்தாள். தன் கையை நீட்டி அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். 'இங்கேருந்து இது வரைக்கும்' என்று தன் கையில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள்.

'என்னடி அளவெடுக்கிறே?' என்றாள் மருமகள்.

'சும்மாதான்க்கா. பட்டதும் வலிச்சுதா, இல்ல கொஞ்சம் கழிச்சா?'

'பட்டதும் ஒண்ணும் தெரியலை. அப்புறம்தான் உயிர் போச்சு.'

'அப்போ ஆரம்பத்துல தெரியாதுங்கறீங்க' என்றாள் குச்சி.

நான், டாக்டர் வரச் சொல்லியிருக்கிறாரே, என்னம்மா பண்ணப் போறே என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். 'டாக்டர் கையைத்தானே மாமா பாக்கணும்ங்கறார்? காட்டிட்டா போச்சு. எந்தக் கையை"

7

மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. முடிக்க மாட்டேன். அங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். குச்சியின் வீடு இரண்டு தெரு தள்ளி. முதுகு வளைந்தவன் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். வழி முழுக்க ஏதோ தீய்கிற வாசனை அடிக்கிற மாதிரியே இருந்தது. யார் வீட்டு அடுப்போ.

காதில் பஞ்சு வைத்த பிள்ளை கதவைத் திறந்தது. குச்சி தரையில் போர்வையை மடித்துப் போட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"என்ன மாமா?"

"எனக்கு வேணும்."

"உங்க வீட்ல இருக்கே?"

"அது சூடாகலை."

"ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லத் தெரியலை. இவரு கதை எழுதறாராம்" என்று பிள்ளையிடம் சொன்னாள். பிள்ளை சிரித்தது.

"கையைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். இரண்டும் முழுசாக இருந்தன. ரேகை இல்லாத விரல்கள். வலது முழங்கைக்குக் கீழே பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி. எது வரைக்கும் என்று.

என் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, "நான் கேட்டுத்தானே மாமா அக்கா வந்தாங்க? என் அட்டைல வெந்த கை அது. எனக்கு வர வேண்டியது" என்றாள்.

"பச்சைப் புண்ணுக்கும் பழைய புண்ணுக்கும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியாதா, பைத்தியக்காரி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. புள்ளியைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு நின்றாள். "வேற வழி சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் வழி இல்லை. இஸ்திரிப் பெட்டிதான் இருந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வயர் பின்னாலேயே இழுபட்டு வந்தது. தெருமுனை டீக்கடைக்காரன், "என்ன பெருசு, புதுத் தொழிலா?" என்றான்.

இப்போது அது என் மேஜை மேல், இந்தத் தாள்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அவள் வீட்டில் அடுப்பும் இருக்கிறது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

8

முடிவுகள். கதைக்கு முடிவு வேண்டுமாம்.

ஒன்று. திங்கட்கிழமை குச்சி பொய்க்கட்டோடு போகிறாள். டாக்டருக்கு அவசர வேலை. கட்டைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள். (நல்ல முடிவு. ஆனால் அந்த டாக்டருக்குச் சம்பளமே கட்டைப் பிரிக்கத்தான்.)

இரண்டு. திங்கட்கிழமை காலையில் குச்சி பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அடுப்பைப் பற்ற

எழுத மாட்டேன். எழுதுகிறவன் கையில் எதுவும் இல்லை என்கிறார்களே, இது இருக்கிறது. நான் எழுதாத வரைக்கும் அந்த அடுப்பு எரியாது. (அப்படி நினைத்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன்.)

மூன்று. இதைக் கொண்டுபோய் வக்கீலம்மாவிடம் கொடுக்கிறேன்.

கொடுத்தால் இரண்டு வேலை போகலாம். கொடுக்காவிட்டால் ஒரு கை போகும்.

என் கை இல்லை அது. என் வேலையும் இல்லை. முடிவு செய்ய நான் யார்? உள்ளே போய் மருமகளை எழுப்பினேன்.

9

முழுக்கப் படித்தாள். நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஏழாவது பகுதி வந்ததும் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"குச்சியைப் பத்தி இவ்ளோ மோசமா நினைச்சீங்களா மாமா?"

"அந்த வரிகளை அடிச்சுடட்டுமா?"

"வேணாம். நினைச்சதை நினைச்சபடிதானே எழுதியிருக்கீங்க."

போனைக் கட்டைவிரலால் தட்டித் தட்டிக் குச்சியைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும் கேட்டது.

"அடுப்பைத் தொட்டே, உன்னைக் கொன்னுடுவேன்டி... ஆமா, உன் வேலையும் போகும், என்னுதும் போகும்... தேடுவோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு கை இருக்குல்ல?... அழாதடி. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு... வாயைத் திறந்து சொல்லு... ம்."

போனை வைத்துவிட்டு முதல் பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னாள்.

"இங்க ஒண்ணு தப்பா இருக்கு. இடது கைன்னு போட்டிருக்கீங்க."

"படிக்கிறவன் எவனோ. கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு மாத்தி வச்சேன்."

"வலதுன்னு போடுங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். நான் முதல் பக்கத்தில் இன்னும் அதை அடிக்கவில்லை. அடித்தால் அசிங்கமாகத் தெரியும். இங்கேயே எழுதிவிடுகிறேன்: வலது கை. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும். நடந்தபடி.

பேனாவை வாங்கி, இடது கையால் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். எழுத்துப் பழகுகிற பிள்ளை போட்டது மாதிரி கோணிக்கொண்டு போகிறது. ஆனாலும் அது அவள் கையெழுத்துதான். இப்போது நான் முதலில் எழுதி நிறுத்தின அந்த வரி பொய் இல்லை.

வக்கீலம்மா வீடு எனக்குத் தெரியும். இருட்டுவதற்குள் போய்விடலாம்.

இந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறது என்றால், நான் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். நீங்கள் வக்கீலம்மாவோ, டாக்டரோ, கம்பெனிக்காரரோ, வேறு எவரோ. உங்களை நான் இன்னும் நம்பவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று எழுதப் போவது நீங்கள்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. நீங்கள் இதைப் படிக்கிற இந்த நிமிஷத்தில் குச்சியின் இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

போகிற வழியில் இஸ்திரிப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளையின் சட்டை பாதியில் நிற்கிறது.